சம்பளமா, காணியா? நம்ம எம்பிமார் முதல்ல எதுக்குக் குரல் கொடுக்கணும்?

கொழுந்துக்காரி மகள்

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சிட்டு இருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 59 வயசு. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க. அடுத்த வருஷத்தோட 37 வருஷ வேலை முடியுது, பேர் வெட்டிருவாங்க. எங்க வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடியில ஒரு காம்பரா (அறை), முன்னால ஒரு இஸ்தோப்பு (திண்ணை). இஸ்தோப்புல பாதிய மறிச்சு அடுப்படி. அப்பா இல்ல. தம்பி கொழும்புல கடையில நிக்கிறான், நான் கண்டியில ஒரு ஆபீஸ்ல இருக்கேன்.

போன மாசம் சேமலாப நிதி விசாரிக்கத் தோட்டத்து ஆபீஸுக்குப் போனோம். அங்க இருந்தவர் அம்மாகிட்ட, "ஒங்களுக்கு அப்புறம் யாரு பேர் பதியப் போறா?"ன்னு கேட்டார். மிரட்டல் ஒண்ணும் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டார். ஆனா தோட்ட வேலைக்கு எங்க வீட்டுலேருந்து ஆள் இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும்ங்குறது அதுக்குள்ள இருந்துச்சு. அம்மா வழி நெடுக வாயத் திறக்கல. வீட்டுக்கு வந்து காம்பரா சுவத்துல கைய வச்சிக்கிட்டு நின்னாங்க. "இந்தச் சுண்ணாம்பு நான் வாங்கிப் பூசினது"ன்னாங்க. அவ்வளவுதான்.

அன்னையிலிருந்து எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கு. கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாரும் சம்பளத்தப் பத்திப் பேசுறாங்க. சிலர் வீடு கட்ட ஆளுக்கு 7 பேர்ச் (1900 சதுர அடி போல) காணிய பத்திப் பேசுறாங்க. ரெண்டையும் சேத்து ஒரே கோரிக்கையா சபையில பேசின ஆள் நம்ம வரலாத்துல யாராவது உண்டா? இப்ப இருக்குற எம்பிமார் முதல்ல எதப் பிடிக்கணும்? தெரிஞ்சவங்க எழுதுங்க.

நோர்ம்20

அக்கா, என் பதில் சம்பளம். யோசிக்காம சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.

அம்மாவுக்குக் கிடைக்கப் போற சேவைக்காலப் பணத்த எடுத்துக்குங்க. நாள் சம்பளக்காரங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம்னு 1983 சட்டம் சொல்லுது. 37 வருஷத்துக்கு 518 நாள். 2024 செப்டெம்பர்ல அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆச்சு, அத வச்சுத்தான் கணக்குப் போடுறேன். ஆக 6,99,300. பழைய 1000 ரூபாய்லயே நின்னிருந்தா 5,18,000தான். 1,81,300 ரூபா வித்தியாசம். அது அம்மா கைக்கு வர்ற காசு. சேமலாப நிதியும் அப்படித்தான்: கம்பெனி 12 வீதம், நம்ம 8 வீதம், ரெண்டும் சம்பளத்த வச்சுத்தான்.

அதனாலதான் "மொத்தம் இவ்வளவு"ன்னு யார் சொன்னாலும் நான் பிரிச்சுப் பார்ப்பேன். 2016 கூட்டு ஒப்பந்தத்துல 730 ரூபான்னு சொன்னாங்க. அதுல அடிப்படை 500தான். மீதி வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. காய்ச்சல்ல படுத்து வரவு குறைஞ்சா 60 போயிரும், கிலோ குறைஞ்சா 140 போயிரும். 2019ல அத அடிப்படை 700ம் விலைப் பங்கு 50ம்னு மாத்தினாங்க. 1000 ரூபா கேட்டு வருஷக்கணக்கா கத்தின பிறகு 2021 மார்ச்சுலதான் சம்பள நிர்ணய சபை மூலமா அடிப்படை 900ம் கொடுப்பனவு 100ம்னு வர்த்தமானி வந்துச்சு. 2024ல முதல்ல 1700ன்னு வந்துச்சு, கம்பெனிகள் நீதிமன்றம் போச்சு, அந்த வருஷம் கடைசியா 1350ல நின்னுச்சு.

எங்க தோட்டத்துல சம்பளம் கூடினதும் நோர்மும் (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து அளவு) கூடிருச்சு. முன்ன 16 கிலோ எடுத்தா முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். இப்ப 20. மழை இல்லாத மாசத்துல 20 கிலோ எங்கேருந்து வரும்? 14 கிலோவோட மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்குற இடம்) வந்தா அரைப் பேர். எங்க அக்கா போன பெப்ரவரில 11 நாள் அரைப் பேர் வாங்கினாங்க. எம்பி முதல்ல பிடிக்க வேண்டியது இதத்தான். வயிறு காய்ஞ்சிருக்கும்போது காணிய வச்சு என்ன செய்யிறது?

பீலிக்கரை வாத்தியார்

மகளே, உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. தேடிப் போனால் 1920கள் வரைக்கும் போக வேண்டும்.

கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க நினைத்தார். ஆனால் உள்ளே போக வழியில்லை. லயம் (தொழிலாளர் வரிசை வீடு) நிற்கிற நிலம் கம்பெனியுடையது. அங்கே குடியிருக்கிறவரைப் பார்க்க வருகிறவர் துரையின் (தோட்ட நிர்வாகியின்) அனுமதி இல்லாமல் வந்தால் அத்துமீறல், பொலிஸில் பிடித்துக் கொடுக்கலாம். அவர் புடவை வியாபாரி வேஷம் போட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்குப் போனார். எங்கள் அப்பாச்சி இதைக் கதையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பிறகு வாசித்தபோதுதான் அது நடந்த கதை என்று தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தொழிலாளி தன் வீட்டுக்கு யார் வரலாம் என்று தானே தீர்மானிக்க முடியாதபோது சங்கம் எப்படி வைப்பார்? கூட்டம் எங்கே போடுவார்? சந்தா வாங்க யார் வருவார்? வீடு முதலாளி கையில் இருந்ததால் சங்கம் வைக்கும் உரிமையும் முதலாளி கையில் இருந்தது. நடேசய்யர் 1925இல் சட்டசபைக்குப் போனார், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். சபையில் அவர் பேசியதெல்லாம் சம்பளம், கங்காணிக் கடன், சங்க உரிமை. ஆனால் அதற்கெல்லாம் குறுக்கே நின்றது லயத்து வாசல்தான்.

1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்டவர்கள் மீது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். அந்த வருஷம்தான் ஏழு அம்ச ஒப்பந்தம் வந்து, சங்கம் வைக்கிற உரிமையைத் தோட்டத்துரைமார் சங்கம் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு 1946. உருளவள்ளித் தோட்டம். அந்தக் காணியைக் கிராமத்தில் காணியில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக அரசு எடுத்தது. தலைமுறையாக அங்கேயே பாடுபட்டவர்களை லயத்தை விட்டுப் போகச் சொன்னது. அவர்களுக்கும் காணியில்லை என்பது அந்தப் பட்டியலில் ஏறவில்லை. மற்றத் தோட்டங்களும் சேர்ந்து வேலையை நிறுத்தின. சம்பளத்துக்காக அல்ல. குடியிருப்புக்காக.

தலவாக்கலை 77

வாத்தியார் சேர் சொன்னதோட நானும் ரெண்டு வார்த்த.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர், நாங்க பெரியவர்னு சொல்ற சௌமியமூர்த்தி தொண்டமான் 1947ல நுவரெலியாவுல வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே நம்ம சனத்த நாடற்றவங்களாக்கின பிரஜாவுரிமைச் சட்டம். 1949ல வாக்குரிமையும் போச்சு. 1952 தேர்தல்ல நம்ம சனம் வாக்குப் போட முடியல, சத்தியாக்கிரகம்தான் இருந்தாங்க. அதுக்கப்புறம் தேர்தல்ல நின்னு அவர் திரும்ப ஜெயிச்சது 1977. இடையில 1960லயும் 1965லயும் நியமன உறுப்பினரா இருந்தார்.

இத ஏன் சொல்றேன்னா, "வீட்டுக்கு என்ன செஞ்சாங்க"ன்னு இன்னைக்குப் பிள்ளைங்க கேக்குறாங்க. நாடற்றவங்கன்னு எழுதி வச்ச ஆளுக்கு எந்த அரசாங்கம் காணி உறுதி (சொத்துப் பத்திரம்) கொடுக்கும்? 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேர பத்து வருஷம் கழிச்சு பாதி பாதியா. எந்தப் பக்கம் விழுவோம்னு தெரியாம உக்காந்திருந்தவன் சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசுவானா? எங்க தாத்தா கூரைத் தகரத்தக்கூட மாத்தல. "எப்ப கப்பல் சீட்டு வருமோ"ன்னு சொல்லிச் சொல்லியே செத்துப்போனார்.

1977 மே மாசம், டெவன் தோட்டம். 7000 ஏக்கர தோட்டக்காணியிலிருந்து பிரிச்செடுக்கப் போறாங்கன்னு சனம் ரோட்டுக்கு வந்துச்சு. சிவனு லெட்சுமணன் குண்டடி பட்டுச் செத்தார். எங்க அப்பாவுக்கு அப்ப 11 வயசு. அன்னைக்கு லயத்துல ஒரு வீட்லயும் அடுப்பு எரியலன்னு சொல்வார்.

பெரியவர் 1978ல அமைச்சரானார். 1984ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளம்னு ஆச்சு. அதுக்கு முன்ன, எங்க அம்மாச்சி கூடை நெறைய எடுத்தாலும் தாத்தாவ விடக் குறைச்சலாத்தான் வாங்குனாங்க. 1986 ஜனவரியில கோயில்ல பிரார்த்தனைப் போராட்டம், அப்புறம் பிரஜாவுரிமை கொடுக்க 1986, 1988 சட்டங்கள். கடைசி மிச்சமும் தீர்ந்தது 2003ல, அதாவது அவர் காலமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு. 55 வருஷம் பிரஜாவுரிமைக்கே போயிருச்சு. வீடு பின்னால போனதுக்கு அதுதான் காரணம்.

நோர்ம்20

அண்ணே, பெரியவர் மேல எனக்கும் மரியாதை இருக்கு. ஆனா 1988லிருந்து பாத்தாலும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1992ல தோட்டத்தக் கம்பெனிகளுக்குக் கொடுத்தப்ப நம்ம ஆளுங்க அமைச்சரவையில இருந்தாங்க. லயத்தயும் அதைச் சுத்தின நிலத்தையும் குத்தகையிலிருந்து அன்னைக்கே ஒதுக்கி வச்சிருக்கலாம். தோட்டம் கைமாறுற ஒரே நேரம் அதுதான். அத விட்டுட்டாங்க. இது என் மனசுல இருக்குற கோபம். சம்பளத்துல சங்கச் சந்தா வெட்டுறது மட்டும் ஒரு மாசமும் தவறல.

தலவாக்கலை 77

அந்தக் கோபம் நியாயம் தம்பி. நான் மறுக்கல. 1992 பத்தி எங்க சங்கத்துக்குள்ளேயே இன்னும் பேசித் தீரல.

சட்டத்துணை

நான் பதுளையில் சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்கிறேன். மூன்று விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் தொடங்கியவரின் அம்மாவின் நிலை அவசரமானது.

முதலில், அம்மா பயப்பட வேண்டாம். 1971இல் தோட்டக் குடியிருப்புகள் பற்றி ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. தோட்டத்தில் வேலை செய்து அங்கே குடியிருப்பவரை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியேற்ற முடியாது. கூரையைப் பிரிப்பது, தண்ணீரை நிறுத்துவது போன்ற குறுக்கு வழிகளுக்கு யாரும் இறங்கினால் உடனே முறைப்பாடு செய்யுங்கள். ஆனால் இது வெளியேற்றாமல் தடுக்கிற பாதுகாப்பு மட்டுமே. சொந்தம் ஆகாது. வங்கியில் வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது.

அடுத்தது நோர்ம்20 சொன்ன 1992. கம்பெனிகளிடம் இருப்பது 53 வருடக் குத்தகை. 2045இல் முடிகிறது. காணி இன்னும் அரசாங்கத்தின் கையிலும் அரச தோட்ட நிறுவனங்களின் கையிலும்தான் இருக்கிறது. ஆகவே குடியிருப்புக்கு நிலம் பிரிப்பது முடியாத காரியம் அல்ல. 2015க்குப் பிறகு 7 பேர்ச் வீதம் பிரித்ததே அதற்குச் சாட்சி. 550 சதுர அடியில் தனி வீடு, குடும்பத்தின் பெயரில் உறுதி என்று அப்போது அமைச்சராக இருந்த பழனி திகாம்பரம் காலத்தில் தொடங்கியது. இந்திய உதவியில் 4000 வீடு முதலில்; 2017 மே மாதம் நோர்வூட்டில் இன்னும் 10,000 என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்தில் வேலை தொடங்க 2024 ஆகிவிட்டது.

மூன்றாவதை அதிகம் பேர் பேசுவதில்லை. 2018 வரைக்கும் பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு பாதையைக்கூடத் தன் காசில் போட முடியாது. 1987 பிரதேச சபைச் சட்டம் அப்படி இருந்தது. நம் சனம் பிரதேச சபைக்கு வாக்குப் போட்டது, ஆனால் சபை அவர்களுக்கு ஒரு மின்குமிழ்கூடப் போட முடியவில்லை. 2018 திருத்தம் அதை மாற்றியது. அதே வருடம் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் வந்தது. பாராளுமன்றத்தில் இருப்பவர் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த 2018 திருத்தம் நல்ல உதாரணம். கைதட்டு வாங்காத வேலை. ஆனால் எங்கள் பகுதியில் மூன்று தோட்டப் பாதை அதனால்தான் கொங்கிறீட் ஆனது.

கூடலூர்ப் பேரன்

வணக்கம் உறவுகளே. நான் நீலகிரியில இருந்து எழுதறேன். எங்க தாத்தா பாட்டி ஹப்புத்தளை பக்கம் இருந்து தலைமன்னார் வழியா ராமேஸ்வரம் வந்தவங்க. மண்டபம் முகாம், அப்புறம் இங்க தேயிலைத் தோட்டம். இங்கயும் எங்கள சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க.

இந்த இழைய வாசிக்கும்போது கையெல்லாம் நடுங்குது. எங்களுக்கும் அதே கதைதான். தோட்ட வேலை, தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸ். அம்மா ஓய்வு பெற்றா குவார்ட்டர்ஸ ஒப்படைக்கணும். பையன் அதே தோட்டத்துல சேந்தா வீடு தொடரும். நான் டிப்ளமா முடிச்சு கோயமுத்தூர்ல கம்பெனில வேலைக்குப் போனப்ப, வீட்ல சந்தோஷத்தோட அழுகையும் இருந்துச்சு. நான் படிச்சு முன்னேறினா அப்பா அம்மாவுக்கு வீடு இல்ல. என் அண்ணன் பத்தாவதோட நிறுத்திட்டு மருந்தடிக்கப் போனது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். அவன் என்னை விட நல்லாப் படிப்பான்.

நாடு மாறியும் இந்தக் கட்டு மாறல.

கொழுந்துக்காரி மகள்

அண்ணா, உங்க பதிவ அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்த மூத்த பையன் இப்ப எப்படி இருக்கான்னு கேளு"ன்னாங்க.

கூடலூர்ப் பேரன்

நல்லா இருக்கான் அக்கா. ரெண்டு பொண்ணுங்க. பெரியவ நர்சிங் படிக்கிறா. அம்மாவுக்கு எங்க வணக்கத்தச் சொல்லுங்க.

மலையடிவாரம்

கொஸ்லாந்தையிலிருந்து எழுதுறேன். 2014 ஒக்டோபர் 29. மீரியபெத்தை மண்சரிவு. காலையில ஏழரை மணி போல.

நான் அந்தத் தோட்டம் இல்ல, பக்கத்துத் தோட்டம். சத்தம் கேட்டு ஓடிப் போனப்ப லயம் இருந்த இடமே தெரியல. மண்ணு, மரம், அதுக்கு நடுவுல ஒரு பள்ளிக்கூடப் பை. பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூடுற இடம்) போனவங்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைங்களும் தப்பிச்சாங்க. திரும்பி வந்தா வீடும் இல்ல, வீட்டுல இருந்தவங்களும் இல்ல.

அந்த இடம் ஆபத்துன்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னாடியே எச்சரிச்சிருந்துச்சு. "ஏன் அவங்க போகல?"ன்னு அன்னைக்குக் கமராவோட வந்தவங்கள்ல பல பேர் கேட்டாங்க. எங்க போறது? நல்ல நிலம் முழுக்கத் தேயிலை. லயம் கட்டினது தேயிலை நட முடியாத சரிவுலயும் ஓடைக்கரையிலயும். சொந்தமா நாலு பேர்ச் இருந்திருந்தா ஒரு குடிசையாவது போட்டுப் போயிருப்பாங்க.

நோர்ம் தம்பி, உங்க கணக்கு சரி. சம்பளம் கூடணும். ஆனா அன்னைக்கு அவங்களுக்கு நாளைக்கு 2000 ரூபா சம்பளம் இருந்திருந்தாலும் அந்த லயத்துலதான் படுத்திருப்பாங்க. காசு கொடுத்து வாங்குறதுக்குத் தோட்டத்துல காணி விற்பனைக்கு இல்ல.

நோர்ம்20

மலையடிவாரம் அண்ணே, ரெண்டு நாளா உங்க பதிவத் திரும்பத் திரும்ப வாசிச்சேன். பதில் எழுத வார்த்தை வரல.

ஒண்ணு மட்டும் கேக்குறேன், எல்லார்கிட்டயும். காணி கொடுத்துட்டு "வீடு கொடுத்தாச்சு, இனி சம்பளம் பேசாத"ன்னு சொல்லிட்டா? இப்பவே எங்க பக்கம் சில தோட்டத்துல ஆள்களுக்குத் தேயிலைய பிரிச்சுக் கொடுத்து "நீயே பராமரி, கொழுந்த எங்களுக்கே கொடு"ங்குறாங்க. பேர் போடுறது இல்ல, சேமலாப நிதியும் இல்ல. காணிங்குற பேர்ல தொழிலாளின்னு இருக்குற உரிமைய எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னுதான் பயம்.

பீலிக்கரை வாத்தியார்

நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. இதைத்தான் நான் ஆசிரியராக இருந்த 31 வருஷமும் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினேன்.

அமெரிக்காவில் ரொபர்ட் வாக்னர் என்று ஒரு செனட்டர் இருந்தார். ஜெர்மனியில் பிறந்து சிறு பையனாக நியூயோர்க்குக்கு வந்து, நெருக்கமான வாடகைக் கட்டடங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். 1935இல் தொழிலாளர் சங்கம் வைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை கொடுத்த சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இரண்டு வருஷம் கழித்து, 1937இல், குறைந்த வருமானக்காரருக்கு அரசு செலவில் வீடு கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அவரே. அங்கேயும் சுரங்க ஊர்களில் வீடு கம்பெனியுடையது. வேலைநிறுத்தம் என்றால் முதல் அடி வீட்டின் மேல்தான் விழும். சாமான்களைத் தெருவில் எறிவார்கள்.

அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நிதி. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறிக்க முடியாதபடி. நம் சபையிலும் இப்படித்தான் கேட்க வேண்டும். காணி உறுதி குடியிருக்கிற குடும்பம் என்ற காரணத்துக்காக வர வேண்டும், தொழிலாளி என்ற காரணத்துக்காக அல்ல. சம்பளம் செய்கிற வேலைக்காக வர வேண்டும், கொடுத்த வீட்டுக்குப் பதிலாக அல்ல. வீட்டையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் 200 வருஷத் துயரம். அந்த முடிச்சை அவிழ்க்கிற ஆளைத்தான் நாம் எம்பி என்று அனுப்ப வேண்டும்.

நோர்ம் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். 20 கிலோ முடியாது என்று பெரட்டில் எழுந்து நின்று சொல்ல உன் அக்கா ஏன் தயங்குகிறாள்?

நோர்ம்20

லயம் தோட்டத்தோடது சேர். அக்காவுக்கு மூணு பிள்ளைங்க.

புரியுது சேர்.

தலவாக்கலை 77

சேர் கேட்ட கேள்வி எனக்கும்தான். நான் 14 வருஷமா எங்க தோட்டத்துல சங்கத்துக்கு வேலை செய்யிறேன். யார் முன்னால வருவாங்கன்னு பாத்தா, டவுன்ல சொந்தக் காணி இருக்குறவன், இல்ல மாமனார் வீடு கிராமத்துல இருக்குறவன். மத்தவங்க மனசுல தைரியம் இல்லாம இல்ல. இரவு போய்ப் பேசினா எல்லாம் சொல்வாங்க. காலைல வாசல்ல நிக்க மாட்டாங்க.

சட்டத்துணை

ஒரு எச்சரிக்கை. "உறுதி" என்று கொடுக்கப்படுகிற எல்லாக் கடுதாசியும் உறுதி அல்ல. சில இடங்களில் அனுமதிப்பத்திரம், சில இடங்களில் வீடு ஒப்படைத்த கடிதம் மட்டும். வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்: நில அளவை வரைபட இலக்கம் இருக்கிறதா, காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா, கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா, "தோட்டத்தில் வேலை செய்யும் வரை" என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா. அந்தக் கடைசி வரி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு கடுதாசியில் அது ஏழாவது பந்தியில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை வைத்திருந்த ஐயாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

கொழுந்துக்காரி மகள்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரமா எழுதல, வீட்டுக்குப் போயிருந்தேன்.

தபால் பத்தி ஒண்ணு சொல்லணும், யாரும் தொடல. எங்களுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்துப் பேர், டிவிஷன், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும், அங்கேருந்து யாராவது போறவங்க கையில கொடுத்து விடுவாங்க. ஆறு வருஷத்துக்கு முன்ன எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்துச்சு. என் கைக்குக் கிடைச்சப்ப நாள் முடிஞ்சு ஒன்பது நாள் ஆயிருந்துச்சு. வேணும்னு செய்யல, ஒரு கட்டுக்கு அடியில கிடந்திருக்கு. காணிய எங்க பேருக்கு எழுதினா வாசலுக்கு ஒரு இலக்கம் வரும்ல? எனக்கு அதுவே பெரிசு.

போன ஞாயித்துக்கிழமை வாத்தியார் சேர் எழுதினத அச்செடுத்துக்கிட்டுப் போய், கோயில் முன்னால எங்க லயத்துக்காரங்கள உக்கார வச்சு வாசிச்சேன். பெரியவர் காலத்து ஆள் ஒருத்தர், நடேசய்யர் பேர் வந்ததும் எழும்பி நின்னுட்டார். அவங்க அப்பா அவர பாத்திருக்காராம்.

7 பேர்ச்னா எவ்வளவுன்னு அம்மா கேட்டாங்க. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழுக்கு 1905. நாப்பத்து நாலு அடிக்கு நாப்பத்து மூணு அடின்னு வச்சுக்கலாம். பெரட்டுக் களத்துல ஒரு மூலையில நின்னு அம்மா காலால அளந்தாங்க. குச்சி நட்டு, நாலு பக்கமும். நடுவுல வந்து நின்னு, "அடுப்படி இந்தப் பக்கம், பைப்பு இங்க, அந்த மூலையில கொய்யா"ன்னு கை காட்டினாங்க. அப்புறம் அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாரும் வந்து அவங்கவங்க குச்சி நட்டாங்க. இருட்டுற வரைக்கும் யாரும் போகல.

மனு எழுதிட்டோம், ரெண்டு தாள். முதல் தாள்ல காணி உறுதி: வேலையோட தொடர்பில்லாம, கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும், தமிழ்லயும் சிங்களத்துலயும். ஓய்வு பெற்றவங்க குடும்பத்தையும் சேக்கணும்னு அடிக்கோடு போட்டிருக்கோம். ரெண்டாவது தாள்ல நோர்ம், அரைப் பேர், அடிப்படைச் சம்பளம். நோர்ம்20 தம்பி எழுதின கணக்க அப்படியே போட்டிருக்கேன், மன்னிக்கணும், கேக்காம எடுத்துக்கிட்டேன். வேணும்னே ரெண்டு தனித் தாளா வச்சோம், ஒண்ண வாங்கிட்டு மத்தத மடிச்சு வைக்கக்கூடாதுன்னு.

எங்க லயத்துல 12 காம்பரா. 9 வீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. மிச்சம் மூணு வீட்டுலயும் பிள்ளைங்க சின்னதுங்க, நான் வற்புறுத்தல. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை எம்பி ஆபீஸுக்குக் கொண்டு போறோம். சட்டத்துணை அண்ணா, முதல் தாள ஒரு தடவ வாசிச்சுப் பாத்துச் சொல்வீங்களா? தனியா அனுப்புறேன்.

சட்டத்துணை

அனுப்புங்கள் தங்கச்சி. இன்றிரவே பார்த்துவிடுகிறேன்.

நோர்ம்20

கேக்க வேண்டியதே இல்ல அக்கா. எங்க தோட்டத்துக்கும் அந்த ரெண்டு தாளோட நகல் வேணும். சனிக்கிழமை எத்தன மணிக்கு? அக்காவும் வர்றேன்னு சொல்லுது.